வரைஞ்ச மகராசனுக்குக் கை இல்லீங்களா?

"இந்த பிராக்கெட்டை வரைஞ்ச மகராசனுக்குக் கை இருக்குதுங்களா, இல்லீங்களா?"

குரல் லாரிக்கு அடியிலிருந்து வந்தது. ஆள் தெரியவில்லை. வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களும், ஒரு காலத்தில் நீலமாக இருந்திருக்கக்கூடிய ஒரு லுங்கியும்தான் தெரிந்தன. சங்ககிரி பக்கம், சேலம் - கோவை நெடுஞ்சாலை ஓரத்தில், ஒரு பெரிய வேப்பமரத்தடியில் இருந்த லாரிப் பட்டறை அது.

நான் பதில் சொல்லவில்லை. ஏனென்றால், அந்த மகராசன் நான்தான்!

கோயம்புத்தூரில் லாரிக்கான பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில், டிசைன் பிரிவில் எனக்கு உத்தியோகம். கம்பெனி பெயர் வேண்டாம். சொன்னால் வேலை போய்விடும். சொல்லாமலே மானம் போய்விட்டது என்பது வேறு விஷயம்.

லாரியின் பின் அச்சுக்குப் பக்கத்தில் எட்டிப் பார்த்தீர்களானால், இரண்டு அடுக்கு டிபன் கேரியர் மாதிரி ஒரு டப்பா படுத்துக்கொண்டிருக்கும். பிரேக் சேம்பர் என்று பெயர். அந்த டப்பாவை அச்சோடு சேர்த்துத் தாங்கிப் பிடிக்கிற இரும்புத் துண்டுதான் பிராக்கெட். எங்கள் பிராக்கெட்டை வரைந்தவன் நான். கம்ப்யூட்டர் திரையில் அதைப் பச்சைக் கலரில் சுழற்றிச் சுழற்றிக் காட்டி, மேலதிகாரியிடம் 'சபாஷ்' வாங்கி, அந்த வருஷம் கொஞ்சம் இன்கிரிமென்ட்டும் வாங்கியிருந்தேன்.

பிறகு ஒரு புகார் வந்தது. 'மெயின்டனன்ஸ் கஷ்டம்' என்று இரண்டே வார்த்தை. "நீ வரைஞ்சதுதானேய்யா? நீயே போய்ப் பார்த்துட்டு வா" என்று அனுப்பிவிட்டார் மேலதிகாரி.

பட்டறையில் என்னை வரவேற்ற விதமே தனி. சட்டையை இன் பண்ணிக்கொண்டு, கையில் ஃபைலோடு போனதால் நான் இன்ஷூரன்ஸ் ஆள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். உடனே ஒரு நாற்காலி வந்தது, இளநீர் வந்தது. "ஸார், வண்டியை நல்லாப் பாத்துக்கோணுமுங்க, பெரிய அடிங்க" என்று ஒருவர் காதோரம் வந்து சொன்னார். அப்போதுதான் லாரியின் முகத்தைப் பார்த்தேன். இடது பக்க கேபின் அப்பளம் மாதிரி நொறுங்கியிருந்தது.

நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்காகக் கர்நாடகத்திலிருந்து மக்காச்சோளம் ஏற்றி வந்த வண்டி. சாம்ராஜ் நகர் வழியாகத் திம்பம் மலைப்பாதையில் இறங்கியிருக்கிறது. திம்பம் என்றால் தெரியுமல்லவா? பண்ணாரிக்கு மேலே 27 கொண்டை ஊசி வளைவுகள். கீழேயிருந்து எண்ணினால் ஒன்பதாவது வளைவுக்கு மேலே, பிரேக் மிதிக்க மிதிக்க வண்டி நிற்காமல் போயிருக்கிறது. ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் பாறை. டிரைவர் பாறையைத் தேர்ந்தெடுத்தார். அதனால்தான் உயிரோடு வேப்பமரத்தடிக் கட்டிலில், கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தார். மேஸ்திரியின் மச்சான் அவர்.

"பண்ணாரி அம்மன் காப்பாத்திட்டாளுங்க" என்றார்.

"அம்மன் காப்பாத்துனா செரி. நட்டு எங்க போச்சுன்னு அம்மனைக் கேக்க முடியுமா?" என்று லாரிக்கு அடியிலிருந்து மறுபடி அந்தக் குரல்.

இனியும் இளநீர் குடித்துக்கொண்டிருந்தால் நன்றாக இருக்காது என்று தோன்றியது. எழுந்து போய், குனிந்து சொன்னேன்: "மேஸ்திரி, நான் இன்ஷூரன்ஸ் இல்லீங்க. அந்த பிராக்கெட்டை வரைஞ்சது நான்தான்."

கால்கள் இரண்டும் அசையாமல் நின்றன. திட்டப்போகிறார் என்று தயாரானேன். அவர் திட்டவில்லை. அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு முகம் வெளியே வந்தது. என் வெள்ளைச் சட்டையை ஏற இறங்கப் பார்த்தது. "டேய் கண்ணு! ஸாருக்கு ஒரு சாக்கு எடுத்துப் போடு. சித்தெ உள்ள வாங்க ஸார். பேசிக்கலாம்" என்றார்.

*

வாழ்க்கையில் முதல் முறையாக நான் வரைந்த பொருளை மல்லாந்து படுத்துக்கொண்டு பார்த்தேன். கம்ப்யூட்டரில் பச்சையாக இருந்தது, இங்கே கறுப்பாக இருந்தது. சுற்றிலும் சேறு, கிரீஸ், சூடு. ஒரு பக்கம் பட்டை ஸ்பிரிங், ஒரு பக்கம் யூ-போல்ட், தலைக்கு மேலே சேஸிஸ். நடுவில் என் பிராக்கெட்.

சேம்பரில் இரண்டு மரைத்தண்டுகள் இருக்கும். அவற்றை பிராக்கெட்டில் நுழைத்து, இரண்டு நட்டுகளைப் போட்டு முறுக்க வேண்டும். வேலை அவ்வளவுதான்.

"வெளிப்பக்கத்து நட்டு இருக்குதுங்களே, அது ராஜாவாட்டம். ஜம்முனு முறுக்கலாம். உள்பக்கத்து நட்டை முறுக்கிக் காட்டுங்க, பாக்கலாம்" என்று ஒரு ரிங் ஸ்பானரை என் கையில் கொடுத்தார்.

ஸ்பானர் உள்ளே போயிற்று. நட்டில் உட்கார்ந்தது. கொஞ்சம் திரும்பியது. 'டக்' என்று யூ-போல்ட்டில் இடித்து நின்றுவிட்டது. எடுத்து மறுபடி போட்டேன். முதலில் இருந்த இடத்திலேயே போய் உட்கார்ந்தது. திரும்பியது, இடித்தது. பத்து தடவை முயன்று பார்த்தேன். நட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. எனக்குத்தான் முழங்கை பெயர்ந்தது.

கணக்கு எளிது. பன்னிரண்டு முனை உள்ள ரிங் ஸ்பானர் ஒரு தடவைக்கு 30 டிகிரியாவது திரும்பினால்தான் அடுத்த முனையில் மாற்றிப் பிடிக்க முடியும். திறந்த வாய் ஸ்பானரைப் புரட்டிப் புரட்டிப் போட்டாலும் அதே 30 டிகிரி வேண்டும். என் பிராக்கெட்டில் இருந்தது 20 டிகிரி. நான் வரைந்த படத்தில் நட்டு இருந்தது, போல்ட் இருந்தது, வாஷர்கூட இருந்தது. ஸ்பானர் இல்லை. ஸ்பானரைப் பிடிக்கிற கையும் இல்லை.

"எங்க தொழிற்சாலையில இத்தனை நாள் ஒருத்தரும் இதைச் சொல்லலையே?" என்றேன் பரிதாபமாக.

கேட்ட கையோடு எனக்கே பதில் தெரிந்துவிட்டது. அசெம்பிளி லைனில் அச்சு மட்டும் தனியாக, அம்மணமாக வரும். பட்டை ஸ்பிரிங்கும் கிடையாது, யூ-போல்ட்டும் கிடையாது. இடுப்பு உயரத்தில் நிற்கும். காற்றில் ஓடும் கன்னை வைத்து 'டர்ர்ர்' என்றால் முடிந்தது. அங்கே அது சொகுசான வேலை. அதே நட்டு, வண்டிக்கு அடியில் வந்து சேர்ந்த பிறகு சக்கர வியூகம். மாட்டுவதற்குச் சுலபமாக இருப்பது, கழற்றி மாட்டுவதற்கும் சுலபமாக இருக்கும் என்று நான் நினைத்துவிட்டேன். இரண்டும் வேறு வேறு.

"அப்ப நீங்க எப்படி முறுக்கறீங்க?" என்று கேட்டேன்.

பட்டறைச் சுவரைக் காட்டினார். வரிசையாக ஆணி அடித்து ஸ்பானர்கள் தொங்கின. எதுவும் கடையில் வாங்கிய உருவத்தில் இல்லை. ஒன்று வாத்துக் கழுத்து மாதிரி வளைந்திருந்தது. ஒன்று பாதியில் அறுத்து வேறு கோணத்தில் வெல்டிங் வைத்தது. ஒன்றின் தலையை அரத்தால் ராவிச் சன்னமாக்கியிருந்தார்கள். உலையில் காய்ச்சி அவரே வளைத்தவை. இது அந்த மாடலின் கியர் பாக்ஸுக்கு, இது இந்த மாடலின் ஸ்டியரிங்குக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு சொன்னார். கடைசி ஆணியில் தொங்கியது என் பிராக்கெட்டுக்காக வளைத்தது.

எனக்கு அவை ஸ்பானர்களாகத் தெரியவில்லை. எங்களைப் போல நாற்காலியில் உட்கார்ந்து வரைகிறவர்களுக்கு எழுதி, தபாலில் சேர்க்காமல் விட்ட புகார்க் கடிதங்களாகத் தெரிந்தன.

*

விபத்து எப்படி நடந்தது என்று பிறகுதான் முழுசாகப் புரிந்தது. கர்நாடகத்தில் எங்கோ ஒரு ரோட்டோரப் பட்டறையில் அந்தச் சேம்பரைக் கழற்றி, உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வை மாற்றியிருக்கிறார்கள். அந்தப் பட்டறையில் வளைந்த ஸ்பானர் இல்லை. வெளிப்பக்கத்து நட்டை நன்றாக முறுக்கிவிட்டு, உள்பக்கத்து நட்டை உளி வைத்துத் தட்டித் தட்டி ஏதோ ஒரு அளவுக்கு இறுக்கியிருக்கிறார்கள். அந்த நட்டுக்கு 180 நியூட்டன் மீட்டருக்குக் குறையாத முறுக்கு வேண்டும். அரை மீட்டர் நீள ஸ்பானரின் நுனியில் சுமார் 37 கிலோவைத் தொங்கவிட்ட மாதிரி. உளியால் தட்டினால் அது எங்கே வரும்? நூறு மைல் அதிர்ச்சியில் நட்டு கழன்று, ரோட்டில் எங்கோ விழுந்துவிட்டது.

ஒரு நட்டு விழுந்தால் இருபத்தைந்து டன் லாரி நிற்காதா என்று கேட்பீர்கள். லாரி பிரேக் வேலை செய்கிற விதத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

லாரியில் டிரைவரின் கால் பலத்தால் பிரேக் பிடிப்பதில்லை. காற்றுதான் பிடிக்கிறது. பெடல் என்பது வெறும் குழாய்த் திருகு. மிதித்தால் டேங்கில் அடைத்து வைத்த காற்று பாய்ந்து போய்ச் சேம்பருக்குள் இருக்கும் ரப்பர் சவ்வைத் தள்ளும். 'டைப் 30' சேம்பர் என்றால் அந்தச் சவ்வின் பரப்பு 30 சதுர அங்குலம். சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு அழுத்தத்தில் காற்று வந்தால், 3,000 பவுண்டு விசை. சுமார் 1,360 கிலோ! அந்த விசை ஒரு தடியைத் தள்ளும். தடி, ஸ்லாக் அட்ஜஸ்டர் என்கிற நெம்புகோலைத் திருப்பும். அது S எழுத்து மாதிரி இருக்கும் கேமைத் திருப்பும். கேம் இரண்டு பிரேக் ஷூக்களை விரிக்கும். ஷூக்களின் லைனிங் டிரம்மில் உரசும். வண்டி நிற்கும்.

இத்தனையும் நடக்க அந்தத் தடி ஓடுகிற தூரம் எவ்வளவு தெரியுமா? சாதாரண டைப் 30 சேம்பரில், தடி இரண்டு அங்குலத்துக்கு மேல் வெளியே வந்தாலே உடனே அட்ஜஸ்ட் செய்தாக வேண்டும். அந்த இரண்டு அங்குலத்துக்குள்தான் வண்டியின் தலையெழுத்து. இப்போது டப்பாவே ஒரே நட்டில் தொங்கிக்கொண்டு ஆடினால்? காற்று தடியை முன்னே தள்ளுவதற்குப் பதில், டப்பாவைப் பின்னே தள்ளும். கோணம் கெட்டுப்போகும். அந்தச் சக்கரத்துக்குப் பிரேக் இல்லை.

மீதிச் சக்கரங்கள் இருக்கின்றனவே என்றால், அங்கேதான் மலைப்பாதை தன் வேலையைக் காட்டும். 25 டன் லாரி 500 மீட்டர் உயரம் இறங்கினால் வெளியாகிற சக்தி சுமார் 34 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஒரு சின்னக் குடும்பம் ஒரு வாரம் எரிக்கிற கரண்ட்! சரியான கியரில் இறங்கினால் அதில் பெரும் பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். டீசலை மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விட்டால் அத்தனையும் டிரம்மின் தலையில் விழும். நம் டிரைவர் கியரில்தான் இறங்கியிருக்கிறார். ஆனால் ஒரு சக்கரம் லீவு போட்டதால் மற்ற சக்கரங்கள் ஓவர்டைம் பார்த்து, சூடாகி, லைனிங் தீய்ந்து, பிடிப்பை விட்டுவிட்டன.

மலை இறங்கும் முன் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கிற வழக்கம் உண்டு. வைக்கட்டும், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். குனிகிறபோதே அந்த இரண்டு நட்டையும் ஒரு பார்வை பார்த்துவிட்டால் அம்மனுக்கும் வேலை குறையும்.

*

வீட்டுக்கு வந்தேன். சட்டையைப் பார்த்து என் மனைவி கேட்ட கேள்விகளை இங்கே எழுத இடமில்லை. நடந்ததைச் சொன்னேன்.

"ஏனுங்க, இதுக்குப் போய் இன்ஜினீரிங் படிக்கோணுமாக்கும்? நம்ம ஊரு கிரைண்டரைப் பாருங்க" என்றாள். "மொதல்ல குழவியைத் தூக்கிக் கழுவறதுக்குள்ள இடுப்பு போயிரும். அப்புறம் கவுக்கற கிரைண்டர் வந்துச்சு. இப்ப பாத்திரத்தையே தனியாத் தூக்கிக் கழுவிக்கலாம். ஆட்டறது மட்டும் வேலையா? கழுவறதும் வேலைதானே?"

கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறார்கள். என் மனைவிக்கும் ஒன்று கொடுக்கலாம்.

மறுநாள் ஆபீஸ் லைப்ரரியில், கல்லூரியில் படித்து மறந்த விஷயங்களைத் தேடி எடுத்தேன். அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜெஃப்ரி பூத்ராய்ட், பீட்டர் டியூஹர்ஸ்ட் என்கிற இரண்டு பேராசிரியர்கள் 1980-களில் ஒரு முறையைப் பிரபலமாக்கினார்கள். ஒவ்வொரு பாகத்தையும் பார்த்து மூன்று கேள்வி கேட்க வேண்டும். இது பக்கத்துப் பாகத்தை விட்டுத் தனியாக அசைய வேண்டுமா? வேறு மூலப்பொருளில்தான் இருந்தாக வேண்டுமா? இது தனியாக இல்லாவிட்டால் மற்றதை மாட்டவோ கழற்றவோ முடியாதா? மூன்றுக்கும் 'இல்லை' என்றால் அந்தப் பாகம் தனியாக இருக்க நியாயமே இல்லை, பக்கத்துப் பாகத்தோடு சேர்த்துவிடலாம். என் பிராக்கெட்டை உட்காரவைத்து விசாரித்தேன். ஏழு துண்டுகள் இருந்தன. மூன்று போதும் என்று தெரிந்தது.

ஜப்பானின் ஷிகியோ ஷிங்கோ கதை இன்னும் சுவாரஸ்யம். 1961-ல் ஒரு தொழிற்சாலையில், சின்ன ஸ்விட்சுக்குள் இரண்டு ஸ்பிரிங் வைக்க வேண்டியதில் ஒன்றைத் தொழிலாளிகள் மறந்துகொண்டே இருந்தார்கள். முதலாளிகள் திட்டிப் பார்த்தும் பயனில்லை. ஷிங்கோ ஒரு சின்னத் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். 'முதலில் இரண்டு ஸ்பிரிங்கையும் தட்டில் எடுத்து வை, பிறகு மாட்டு' என்றார். தட்டில் ஒன்று மிச்சம் இருந்தால் மறந்துவிட்டோம் என்று அர்த்தம். அவ்வளவுதான், பிரச்னை தீர்ந்தது. மனிதன் மறப்பான் என்பதை ஒப்புக்கொண்டு, மறந்தாலும் தப்பு நடக்காதபடி செய்வதுதான் டிசைன். அந்த ரோட்டோரப் பட்டறைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்த என் மனசு அன்றோடு வாயை மூடிக்கொண்டது.

*

இரண்டு வாரத்தில் புது பிராக்கெட் தயார். மரத்தில் ஒரு மாதிரி செய்து எடுத்துக்கொண்டு சங்ககிரிக்குப் போனேன். இந்தத் தடவை லுங்கி கொண்டுபோயிருந்தேன்.

சேம்பரைச் சற்றே திருப்பி, பின்பக்கமாகத் தூக்கி வைத்திருந்தேன். நட்டுகள் இரண்டும் வெளிப்பக்கம் வந்துவிட்டன. இடது, வலது என்று தனித்தனியாக இருந்ததை ஒரே பிராக்கெட்டாக ஆக்கியிருந்தேன். எந்தப் பக்கம் மாட்டினாலும் சரியாக இருக்கும், மாற்றி மாட்டவே முடியாது. மேஸ்திரி ஸ்பானர் போட்டுப் பார்த்தார். சுழன்றது. எனக்கு மாலை போடுவார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் உள்ளே போய், ஒரு சாண் நீளத்துக்கு மேல் இருந்த ஒரு போல்ட்டைக் கொண்டுவந்தார். சேம்பரின் பின்பக்கத்து ஓட்டைக்கு நேராக நீட்டினார். போல்ட்டின் மறுமுனை சேஸிஸில் இடித்தது.

"இது எப்படிங்க உள்ள போகும்?" என்றார் மெதுவாக.

எனக்கு வியர்த்துவிட்டது.

பின் சக்கரத்துச் சேம்பர் இரண்டு அடுக்கு என்றேன் அல்லவா? பின் அடுக்கில் ஒரு பெரிய ஸ்பிரிங் அழுத்தி அடைக்கப்பட்டிருக்கும். ஓடும்போது காற்று அந்த ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருக்கும். காற்று போய்விட்டால் ஸ்பிரிங் விரிந்து தானாகவே பிரேக் பிடித்துவிடும். 'காற்று போனால் வண்டி நிற்க வேண்டும், ஓடக் கூடாது' என்கிற இந்தத் தத்துவத்தை 1872-லேயே ரயிலில் கொண்டுவந்தவர் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ். அருமையான பாதுகாப்பு. ஆனால் அந்த ஸ்பிரிங்கின் விசை ஏறக்குறைய ஒரு டன். சேம்பரைக் கழற்றுவதற்கு முன் அந்த நீள போல்ட்டைப் பின்னாலிருந்து விட்டு, கால் சுற்றுத் திருப்பிப் பூட்டி, ஸ்பிரிங்கை இழுத்து அடக்கிவிட வேண்டும். அடக்காமல் பின் மூடியின் வளையத்தைக் கழற்றினால், ஸ்பிரிங்கும் மூடியும் பீரங்கிக் குண்டு மாதிரி வரும்.

"என்னோட தொழில் பழகுனவன் ஒருத்தன் இருந்தானுங்க" என்றார் மேஸ்திரி. அவ்வளவுதான் சொன்னார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. சாக்கு எடுத்துப் போட்ட பையன் போல்ட்டை வாங்கித் துடைத்து, உள்ளே கொண்டுபோய் வைத்தான். அவனுக்குப் பதினெட்டு வயது இருக்கும். இந்த பிராக்கெட்டோடு வருகிற முதல் சேம்பரை ஒருவேளை அவன்தான் கழற்றியிருப்பான்.

போல்ட்டுக்கு இடமில்லாத டிசைன் என்றால், 'அடக்காமலே கழற்று' என்று நான் உத்தரவு போட்ட மாதிரி. முதல் பிராக்கெட்டில் வண்டி ஓட்டுகிறவர் தப்பினார். இரண்டாவதில் வண்டியைச் சரி செய்கிறவரைத் தீர்த்துக்கட்டப் பார்த்திருக்கிறேன்.

அன்று முழுக்க அவர் எனக்குப் பாடம் எடுத்தார். பட்டறையில் நேரத்துக்கு அளவு கடிகாரமல்ல, டீ. 'அது ஒரு டீ வேலை', 'இது நாலு டீ வேலை' என்பார். சில வண்டிகளில் டிரம் ஹப்புக்கு உள்பக்கம் மாட்டியிருக்கும். லைனிங் பார்க்க வேண்டுமென்றால் ஹப்பையே கழற்றி, பேரிங்கைப் பிரித்து, மறுபடி கிரீஸ் வைத்து மாட்ட வேண்டும். வெளிப்பக்கம் மாட்டிய டிரம் என்றால் சக்கரத்தைக் கழற்றியதும் அப்படியே உருவிவிடலாம். பழைய மாதிரி ஷூவில் ஆங்கர் பின் துருப்பிடித்து இறுகிக்கொள்ளும், சம்மட்டியால்தான் பேச வேண்டும். ஷூவின் முனையைத் திறந்த பிறை மாதிரி செய்து, பின்மேல் சும்மா உட்காரவைத்து, ஸ்பிரிங்கால் பிடித்துக்கொள்கிற மாதிரியில் ஸ்பிரிங்கைக் கழற்றினால் ஷூ கையோடு வந்துவிடும். தூசி மறைப்புத் தகட்டில் ஒரு ஓட்டை வைத்தால், எதையுமே கழற்றாமல் லைனிங் எவ்வளவு மிச்சம் என்று டார்ச் அடித்துப் பார்த்துவிடலாம்.

"நாலு டீ வேலைன்னா, டிரைவர் 'அடுத்த தடவை பாத்துக்கலாமுங்க'ன்னு போயிருவாரு. லோடு நேரத்துக்குப் போய்ச் சேரோணுமில்லீங்க? அரை டீ வேலைன்னா நின்னு பாத்துட்டுப் போவாரு" என்றார் மேஸ்திரி.

நான் கல்லூரியில் நாலு வருஷம் படித்ததை விட அந்த ஒரு வாக்கியத்தில் அதிகம் கற்றுக்கொண்டேன். பராமரிக்கக் கஷ்டமான பிரேக்கை யாரும் கஷ்டப்பட்டுப் பராமரிக்க மாட்டார்கள். பராமரிக்காமல் விட்டுவிடுவார்கள்.

இந்த மண்ணுக்கு இது புது ஞானமும் அல்ல. 1920-ல் ஜி.டி.நாயுடு ஒரே ஒரு பஸ்ஸோடு பொள்ளாச்சி - பழனி ரூட்டில் தொழிலை ஆரம்பித்தபோது, முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே. வண்டியில் எது தொல்லை என்பது முதலாளிக்கு அன்றைக்கே தெரிந்துவிடும். புகார்க் கடிதத்துக்குத் தபால் செலவே கிடையாது! இன்றைக்கு வரைகிறவன் ஓரிடம், மாட்டுகிறவன் ஓரிடம், ஓட்டுகிறவன் ஓரிடம், படுத்துக்கொண்டு கழற்றுகிறவன் ஓரிடம். நடுவில் தபால் தொலைந்துபோகிறது.

*

மூன்றாவது பிராக்கெட்டை வரைகிறபோது திரையில் நட்டு, போல்ட்டோடு ஸ்பானரையும் வரைந்தேன். ஸ்பானர் சுழல 30 டிகிரிக்கு மேலேயே இடம் விட்டேன். பின்பக்கம் அந்த நீள போல்ட் முழுசாகப் போக இடம், அதைத் திருப்பக் கைக்கு இடம். கடைசியாக, கிரீஸ் அப்பிய ஒரு கையையும் வரைந்து வைத்தேன். பக்கத்து ஸீட் பையன் சிரித்தான்.

மேலதிகாரி சிரிக்கவில்லை. "ஒரு பிராக்கெட்டுக்கு எவ்வளவு கூட ஆகுது?" என்றார்.

"ஒரு டீ, ஒரு வடை ஸார்."

"வருஷத்துக்கு எத்தனை பிராக்கெட் போடறோம்னு தெரியுமில்ல? அத்தனை வடைக்கு யாரு பதில் சொல்றது?"

நான் பேசவில்லை. மாவுக்கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்த டிரைவரின் போட்டோவையும், நொறுங்கிய கேபின் போட்டோவையும் மேஜைமேல் வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

டெஸ்ட்டெல்லாம் முடிந்து, முதல் பிராக்கெட் மாட்டிய வண்டி சங்ககிரிக்கு வந்தபோது நானும் போயிருந்தேன். மேஸ்திரி டீ சொல்லிவிட்டு, வண்டிக்கு அடியில் போனார். நீள போல்ட்டை விட்டு ஸ்பிரிங்கை அடக்கினார். இரண்டு நட்டையும் கழற்றினார். சேம்பரை இறக்கி, மறுபடி ஏற்றி, முறுக்கினார். வெளியே வந்து டீ கிளாஸைத் தொட்டுப் பார்த்தார். இன்னும் சூடாக இருந்தது.

"இப்பத்தானுங்க கை முளைச்சிருக்குது" என்றார் என்னைப் பார்த்து.

பிறகு சுவரிலிருந்து கடைசி ஆணியில் தொங்கிய வளைந்த ஸ்பானரை எடுத்து, துடைத்து, என்னிடம் கொடுத்தார்.

"வேண்டாங்க மேஸ்திரி, பழைய பிராக்கெட் போட்ட வண்டி இன்னும் ஓடுது. உங்களுக்கு வேணுமே?" என்றேன்.

"நான் இன்னொண்ணு வளைச்சுக்கறனுங்க. இது உங்க மேஜை மேல இருக்கட்டும் தம்பி. அடுத்தது எதையாச்சும் வரையறப்பப் பாத்துக்கங்க."

முதல் தடவையாக என்னைத் 'தம்பி' என்றார். டீக்காசை மட்டும் நான் கொடுத்தேன்.

அந்த ஸ்பானர் இப்போது என் மேஜைமேல்தான் இருக்கிறது. 'இதென்ன, கோணலா இருக்கு?' என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள். "ஸ்பானர் நேர்தாங்க. வரைஞ்சவன்தான் கோணல்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.